உள் நாற்காலி

எபனேசர் ஜெர்மனிக்கு விமானம் ஏறிய அடுத்த சனிக்கிழமை, வேப்பேரியில் தேவாலயத்துக்குப் பின்னாலிருக்கும் பழைய ஹாலில், அவன் ஏழு வருஷம் உட்கார்ந்து தேய்த்த மர நாற்காலி, மேலே ஆளில்லாமல், வில்லில்லாமல், வயோலா வாசிக்க ஆரம்பித்தது. முதல் வயலின் மார்த்தா அக்கா வழக்கம்போல ஏ சுரத்தை நீட்டிக் கொடுக்க, மற்றவர்கள் தங்கள் கம்பிகளை அதற்கு இழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, அந்தக் காலி நாற்காலியிலிருந்தும் கம்பி சேர்க்கும் சத்தம் எழுந்தது. கடைசியாகத் தடித்த ஸி கம்பியை இரண்டு முறை சுண்டுவது கேட்டது. அப்படி இரண்டு முறை சுண்டுகிற ஆள் எபனேசர் ஒருவன்தான் என்பதால் அது யாரென்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மார்த்தா அக்கா மட்டும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஃபாரின் போயும் ஸி கம்பிய சுருதி இறக்கித்தான் வெக்கிறான் பாரு," என்றாள். மாஸ்டர் கென்னத் கோலைத் தூக்கினார், ஒத்திகை தொடங்கியது.

அவர்கள் பதின்மூன்று பேர். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு வயலின் பிடிக்கக் கற்றுக்கொடுப்பவர்களும், சினிமாப் பாட்டுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் நாலு வரி வாசித்துவிட்டு வருகிறவர்களும், செல்லோ வாசிக்கும் ருக்மாங்கதனைப் போல ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிறவர்களுமாக இருந்து, சனிக்கிழமை மூன்று மணிக்கு மட்டும் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவாகிவிடுகிறவர்கள். வயலின் எட்டு, அதைவிடக் கொஞ்சம் பெரிதாய்த் தடித்த குரலில் பேசும் வயோலா இரண்டு, செல்லோ இரண்டு, டபுள் பேஸ் ஒன்று. அந்த இரண்டு வயோலாவில் ஒன்று எபனேசர், இன்னொன்று சலோமி.

இந்த மாதிரி ஆர்க்கெஸ்ட்ராவில் இரண்டு பேருக்கு ஒரே ஸ்டாண்ட், அதில் ஒரே இசை நோட்டு. சபைக்குப் பக்கத்தில் இருப்பது வெளி நாற்காலி, அதற்கு அந்தப் பக்கம் உள் நாற்காலி. பக்கத்தின் கடைசி வரி வரும்போது உள் நாற்காலிக்காரர் வாசிப்பதை நிறுத்தி, கையை நீட்டிப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். வெளி நாற்காலிக்காரர் எதுவும் நடக்காததுபோல வாசித்துக்கொண்டே போவார். இது உலகம் முழுக்க உள்ள வழக்கம். பாட்டை அளவாக வெட்டி வைத்திருக்கும் கட்டங்களுக்கு அவர்கள் பார் என்று பெயர் சொல்வார்கள், ஒரு பக்கம் திருப்ப இரண்டு பார் ஆகும். சலோமி பத்தொன்பது வயதில் வந்து உள் நாற்காலியில் உட்கார்ந்தவள். வீட்டில் ஒரு பார் விடாமல் சாதகம் செய்துவிட்டு வந்து, ஹாலில் பக்கம் திருப்பி அதன் மேல்விளிம்பை நீவிவிடுவதிலேயே பக்கத்துக்கு இரண்டு பார் எபனேசருக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போவாள். எபனேசருக்கோ பக்கம் திருப்பவே வராது. ஒரு முறை அவளுக்குக் கையில் அடிபட்டு அவன் திருப்பியபோது நோட்டு ஸ்டாண்டோடு கீழே விழுந்தது.

அவனை ஜெர்மனி இசைக் கல்லூரி சேர்த்துக்கொள்ளக் காரணமான ஒலிப்பதிவில், நன்றாகக் காது கொடுத்தால், நடுவில் சரக்கென்று ஒரு காகிதச் சத்தம் கேட்கும். அது சலோமி. "நீயும் ஒண்ணு ரெக்கார்ட் பண்ணி அனுப்பேன்," என்று அவன் அன்றைக்குச் சொன்னான். "அடுத்த வருஷம் பாக்கலாம்," என்றாள். அடுத்த வருஷம் அவன் இருக்க மாட்டான் என்பதும், அவன் இல்லாத பக்கங்களைத் திருப்ப அவளுக்கு மனசு வராது என்பதும் சொல்லும்போதே அவளுக்குத் தெரியும். அவள் அவனை நேசித்தாள். அதை ஏழு வருஷமாகப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டியிருந்தாள், அவனோ நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

முறைப்படி வெளி நாற்காலி காலியானால் உள் நாற்காலிக்காரர் நகர்ந்து உட்கார வேண்டும். அந்த முதல் சனிக்கிழமை சலோமி பழக்க தோஷத்தில் தன் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி வாசிக்க ஆரம்பித்த பிறகு அவளை நகரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதிசயத்தைவிட அதற்கான ஏற்பாடுகள்தான் ஹாலுக்கு வேலை வைத்தன. கமிட்டி கூடி, நாற்காலியை வருகைப் பதிவில் ஏற்றலாமா என்று ஒன்றரை மணி நேரம் பேசி, வருகிறவனை வரவில்லை என்று எழுதுவது பொய் சாட்சி ஆகும் என்று தீர்மானித்தது. டீ போடும் பால்ராஜ் பதின்மூன்றாவது டம்ளரை நாற்காலிக் காலடியில் வைத்துவிட்டு, ஆறிய பிறகு தானே எடுத்துக் குடித்தார். எபனேசரின் அம்மா கிரேஸ் ஆன்ட்டி புரசைவாக்கத்திலிருந்து சனிக்கிழமை தவறாமல் வந்து, நாற்காலிக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து, மகன் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, "சளி பிடிச்சிருக்கு, இழுக்கும்போதே தெரியுது," என்றோ, "இன்னிக்கு வயிறு நிறைய சாப்ட்ருக்கான்," என்றோ சொல்லிவிட்டுப் போவார். அவனிடம் மட்டும் இதைச் சொல்லக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். "தெரிஞ்சா வெக்கப்பட்டு நிறுத்திருவான். சின்ன வயசுலயே அப்படித்தான், நான் கேக்குறேன்னு தெரிஞ்சா கதவ சாத்திக்குவான்."

விஷயம் வேப்பேரியைத் தாண்டிப் போனதும், துபாயிலும் கனடாவிலும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகள் உட்கார்ந்த நாற்காலிகளைக் கொண்டுவந்து ஹாலில் வைக்க ஆரம்பித்தார்கள். பிரம்பு நாற்காலி, பிளாஸ்டிக் நாற்காலி, படிப்பு மேஜையோடு சேர்ந்த நாற்காலி என்று பலவும் வந்தன. கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவனின் சக்கரம் வைத்த சுழல் நாற்காலி ஒன்றை ஆட்டோவில் ஏற்றி வந்தார்கள். எதுவும் ஒரு சத்தமும் போடவில்லை. ஆனால் யாரும் எதையும் திருப்பி எடுத்துப் போகவில்லை, ஒரு வருஷத்தில் ஹால் நிறைய நாற்காலி சேர்ந்து, அதுவரை பாய் விரித்து நடந்த கச்சேரிகளுக்கு உட்கார இடம் கிடைத்தது. அதில் வந்து உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் அந்த நாற்காலிகளைக் கொடுத்த பெற்றோர்களே.

முதல் வருஷத்தில் நாற்காலி மூன்று மாதம் எல்லோர் உயிரையும் எடுத்தது. அங்கே புது ஆசிரியர் எபனேசரின் வில் பிடிக்கும் கையே தப்பு என்று சொல்லி, விரல் வைக்காமல் வெறும் கம்பியை மட்டும் இழுக்க வைத்துவிட்டார் போலிருக்கிறது. ஹாலில் இவர்கள் எதை வாசித்தாலும் நாற்காலி நாலு வெறுங்கம்பியையே மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் கென்னத் அலுத்துக்கொள்ளவில்லை. அந்த நாலு சுரத்தோடு இடிக்காத உருப்படிகளாகத் தேடி எடுத்து, அந்தப் பருவம் முழுக்க அவற்றையே ஒத்திகை வைத்தார். கிரேஸ் ஆன்ட்டிதான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என் புள்ளைய திரும்ப எல்கேஜில போட்டுட்டாங்களே," என்றார். நாலாவது மாதம் கண்ணில் படாத வில் நாற்காலியில் அழுத்தமில்லாமல் இறங்கி, சலோமி அதுவரை கேட்டிராத அகலத்தோடு ஒரே ஒரு சுரம் வந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, கூடவே வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவளும் வெறுங்கம்பியை ஒரு மணி நேரம் இழுத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு நாற்காலி கற்றுக்கொண்டதையெல்லாம் வாரா வாரம் அவளும் வீட்டில் கற்றுக்கொண்டாள்.

படிப்பு முடிந்ததும் வேலைத் தேர்வுகள் ஆரம்பித்தன. அங்கே ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரு இடம் காலியானால் நூறு பேர் வருவார்களாம். திரைக்குப் பின்னால் நின்று வாசிக்க வேண்டும், ஆணா பெண்ணா, எந்த ஊர் முகம் என்று யாருக்கும் தெரியக் கூடாது, நடக்கும் சத்தத்தை வைத்துக்கூடக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று செருப்பையும் கழற்றச் சொல்வார்களாம். இதையெல்லாம் அவன் வீடியோவில் அம்மாவிடம் சொல்லி, ஆன்ட்டி ஹாலில் வந்து சொன்னார். ஒரு பழைய கச்சேரி உருப்படியின் முதல் எட்டு பாரை வாசித்ததுமே திரைக்கு அந்தப் பக்கமிருந்து நன்றி என்று ஒரு குரல் வந்தால், வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். தேர்வு எந்தக் கிழமையில் நடந்தாலும் நாற்காலி அதைச் சனிக்கிழமைக்கு எடுத்துவைத்திருந்து வாசித்தது. எட்டு பார் வரும், பிறகு ஒன்றும் வராது, ஒத்திகை முடிகிற வரைக்கும் நாற்காலி வாயே திறக்காது. இப்படிப் பத்தொன்பது முறை நடந்தது. அந்த உருப்படியின் முதல் சுரம் கேட்டாலே ருக்மாங்கதன் செல்லோவிலிருந்து வில்லை எடுத்துவிடுவார், எல்லோரும் நிறுத்தி, மனசுக்குள் பாரை எண்ணிக்கொண்டு, எட்டாவது முடிந்ததும் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

இருபதாவது முறை ஒன்பதாவது பார் வந்தது. பத்து வந்தது, பதினொன்று வந்தது, மார்த்தா அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள், நாற்காலி கடைசி வரை வாசித்துவிட்டு ஸி கம்பியை இரண்டு முறை சுண்டியது. பால்ராஜ் டீத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். மறுநாள் அவன் அம்மாவிடம், "வேலை கிடைச்சிருச்சும்மா, முன்னால உக்கார்ற லீடர் வேலை," என்று சொன்னானாம். ஆன்ட்டி ஹாலில் எல்லோருக்கும் பாதுஷா கொடுத்தார். சலோமிக்கு மட்டும் இரண்டு கொடுத்து, "உன்னாலதான்மா," என்றார். அவள் ஒன்றைச் சாப்பிட்டாள், இன்னொன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனாள். வேலை கிடைத்துவிட்டால் இனி திரும்பி வர மாட்டான் என்பது அவளுக்குப் பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது.

அதற்கு மூன்று மாதம் கழித்து, ஈஸ்டர் கச்சேரிக்கான ஒத்திகையில்தான் அந்தப் பிசகு நடந்தது. ஈஸ்டருக்கு அவர்கள் வருஷா வருஷம் வாசிக்கிற ஒரு உருப்படி உண்டு. அதில் மெட்டு எல்லாம் வயலினுக்குப் போய்விடும், வயோலாக்களுக்கு அது கிடைப்பது மொத்தத்தில் ஒரே ஒரு முறை, பதினாறு பாருக்கு. அச்சடித்த புண்ணியவான் அந்தப் பதினாறு பாரின் நட்டநடுவில் பக்கத்தை முடித்துவைத்திருந்தான். நகல் எடுத்து ஓரத்தில் ஒட்டிக்கொள்ளலாமே என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன், ஒட்டிப் பார்த்தார்கள், ஹாலின் மின்விசிறி அதைப் பிய்த்து டபுள் பேஸ்காரர் மடியில் போட்டது. அதனால் பதினோரு வருஷமாக அந்த மெட்டின் நடுவில் இரண்டு பாரைச் சலோமி விட்டுக்கொடுத்து வந்தாள்.

அன்றைக்கு அவள் வழக்கம்போல வில்லை எடுத்துவிட்டுக் கையை நீட்டினாள். அதே நொடியில் நாற்காலியும் நின்றுவிட்டது. மெட்டு காணாமல் போய், ஹாலில் இரண்டு பாருக்கு வெறும் துணை வாத்தியங்கள் மட்டும் முனகிக்கொண்டிருந்தன. போதாததற்கு நோட்டில் இரண்டு பக்கம் சேர்ந்து திரும்பிக்கொண்டது.

"வயோலா எங்க?" என்றார் மாஸ்டர்.

"சாரி மாஸ்டர். ரெண்டு பக்கம் ஒண்ணா வந்துருச்சு," என்றாள் சலோமி. விரலில் வேர்வை என்று நினைத்துக்கொண்டாள்.

மறுபடி வாசித்தார்கள். மறுபடியும் அதே இடத்தில் அதே பள்ளம். மூன்றாவது முறை அவள் காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தாள். நாற்காலி தடுமாறி நிற்கவில்லை. பக்கத்தின் கடைசி வரி வந்ததும் சுத்தமாக நிறுத்தி, இரண்டு பார் விட்டு, அடுத்த பக்கத்தின் மூன்றாவது பாரில் சரியாக வந்து சேர்ந்துகொண்டது. அந்த நிறுத்தம் அவளுக்குத் தெரிந்த நிறுத்தம், பதினோரு வருஷமாக அவளுடையதே அது. எபனேசர் அங்கே உள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. லீடரும் இல்லை, ஒன்றுமில்லை, யாரோ ஒரு வெள்ளைக்காரருக்குப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறான். யாரைப் பார்த்துக் கற்றிருப்பான் என்று நினைத்தபடி அவள் தன் கையைப் பார்த்தாள்.

"நீ திருப்பாத. வாசிச்சிட்டே போ," என்றார் மாஸ்டர். அவள் முயன்றாள். அந்த இடம் வந்ததும் வில் தானாக மேலே போயிற்று, கை தானாக நீண்டது. அடுத்த சனிக்கிழமையும் முயன்றாள், அதற்கடுத்த சனிக்கிழமையும். உள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வரை அந்தக் கை அவள் பேச்சைக் கேட்பதாக இல்லை. மாஸ்டர் கடைசி ஒத்திகையில் கோலைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் வந்து, "நாலு வருஷமா நான் கேக்கல. இப்ப கேக்குறேன். வெளிய உக்காருவியா?" என்றார்.

பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும் சலோமி புரசைவாக்கத்துக்குப் போனாள். கிரேஸ் ஆன்ட்டி கஞ்சி கொடுத்தார். குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"ஆன்ட்டி, எபி அங்க லீடர் இல்ல. உள் நாற்காலியில உக்கார்றான். பக்கம் திருப்புறான்."

ஆன்ட்டி டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த டம்ளரையே திரும்பத் துடைத்தார்.

"ஒழுங்கா திருப்புறானா?"

"நல்லா திருப்புறான் ஆன்ட்டி."

"வீட்டுல ஒரு தட்ட எடுத்து வெச்சவன் இல்ல." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அதான் லீடர்னு சொன்னானா. எனக்கு அது என்ன, அவன் எதுல உக்காந்தா என்ன."

"மாஸ்டர் என்னை வெளிய உக்காரச் சொல்றாரு."

ஆன்ட்டி டம்ளரை அலமாரியில் கவிழ்த்தார். பிறகு, "நீ அதுல உக்காந்துட்டா அவன் வராம போயிட்டான்னா?" என்றார்.

"தெரியல ஆன்ட்டி."

"எனக்குன்னு அந்த சனிக்கிழமதான்மா இருக்கு."

"எனக்கும் அதான் இருக்கு," என்றாள் சலோமி. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆன்ட்டி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கஞ்சி இன்னும் வேணுமா என்று கேட்டார். அவள் வேண்டாமென்று எழுந்து வந்துவிட்டாள். ஒரு தாயின் சனிக்கிழமையைப் பிடுங்கி அதில் உட்கார்ந்து வாசிக்கிற அளவுக்குத் தன் வாசிப்பு பெரிதா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டாள். பெரிதாகத்தான் இருந்தது, அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. நாலு வருஷமாக நாற்காலியைக் கேட்டுக் கேட்டுத் தேறிய அவள் கையை இதுவரை ஒருவரும் முழுசாகக் கேட்டதில்லை. ஆனாலும் வீடு சேர்வதற்குள், பழையபடி உள்ளேயே உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்தாள். இரண்டு பார் போனால் யாருக்கும் ஒன்றும் குடி முழுகிவிடாது.

ஈஸ்டர் ஞாயிறு நாலரை மணிக்கு ஹால் நிரம்பியிருந்தது. துபாய் நாற்காலிகளும் கனடா நாற்காலிகளும் போக, சுவரோரம் நிற்கவும் ஆள் இருந்தார்கள். சலோமி தன் பென்சிலையும் தண்ணீர் பாட்டிலையும் உள் நாற்காலியில் வைத்துவிட்டு, வில்லுக்கு ரோசனப் பிசின் தேய்க்க ஓரமாகப் போனாள். திரும்பி வரும்போது கிரேஸ் ஆன்ட்டி மேடையில் நின்றிருந்தார். கச்சேரிக்குக் கட்டியிருந்த பட்டுப்புடவையோடு குனிந்து, அவள் பென்சிலையும் பாட்டிலையும் எடுத்து, வெளி நாற்காலியில் வைத்தார். பிறகு அந்த நாற்காலியின் முதுகை ஒரு முறை தடவிவிட்டு, சலோமியைப் பார்க்காமலே இறங்கிப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

சலோமி வெளி நாற்காலியில் உட்கார்ந்தாள். பலகை அவளுக்குக் கொஞ்சம் அகலமாக இருந்தது.

மார்த்தா அக்கா ஏ கொடுத்தாள். எல்லோரும் கம்பி சேர்த்தார்கள். பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவள் காத்திருந்தாள், ருக்மாங்கதன் காத்திருந்தார், மாஸ்டர் கோலைத் தூக்காமல் எவ்வளவு நேரம் நிற்க முடியுமோ அவ்வளவு நேரம் நின்றார். ஸி கம்பி சுண்டப்படவில்லை. முதல் வரிசையில் கிரேஸ் ஆன்ட்டி மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தார். மாஸ்டர் வேறு வழியில்லாமல் ஆரம்பித்தார்.

அவள் தனியாக வாசித்தாள். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக அந்த ஹாலில் ஒரு கச்சேரியன்று ஒரே ஒரு வயோலாதான் கேட்டது. நான் அவனைத் துரத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே வாசித்தாள், அப்படி நினைத்ததால் வில் கனத்தது, கனத்ததால் சத்தம் ஆழமாக வந்தது, பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மெட்டு வயலினிலிருந்து அவளிடம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று பார் என்று போய், பக்கத்தின் கடைசி வரிக்கு வந்துவிட்டாள். அவள் கை நீளவில்லை. வெளி நாற்காலியில் உட்கார்ந்த கை வில்லை விடுவதாக இல்லை. அடுத்த பக்கம் அவளுக்கு மனப்பாடம்தான், ஆனால் அதற்குப் பின்னால் இருப்பது மனப்பாடம் இல்லை, திருப்ப ஆளில்லாமல் எப்படிப் போவது என்று அவள் யோசிக்கும்போது கடைசி பாரும் முடியப் போனது.

பக்கத்தின் கீழ் மூலை எழுந்தது. அவசரமில்லாமல், சுருக்கம் விழாமல், ஒரே ஒரு பக்கம் மட்டும் திரும்பி, இடது பக்கம் போய்ப் படிந்தது. மேல்விளிம்பை ஏதோ ஒன்று லேசாக நீவிவிட்டது, அவள் நீவுவாளே, அதே மாதிரி.

சலோமி அந்த இரண்டு பாரை வாசித்தாள். வீட்டில் ஆயிரம் முறை வாசித்ததை, ஹாலில் ஒரு முறையும் வாசித்திராததை, அவன் திருப்பிக் கொடுத்த பக்கத்தில், யாரும் துணையில்லாமல், முழுசாக வாசித்தாள். மூன்றாவது பாரில், பக்கம் திருப்பியவர்கள் வந்து சேர வேண்டிய சரியான இடத்தில், உள் நாற்காலியிலிருந்து இன்னொரு வயோலா அவளோடு சேர்ந்துகொண்டது. அதன் ஸி கம்பி கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

முதல் வரிசையில் ஆன்ட்டி தலையை நிமிர்த்தினார். சலோமி பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் ஆறு பார் மெட்டு மிச்சமிருந்தது.